நம்பர் சொல்லுங்க சார்: தனியுரிமை கேள்வி பதில்

வங்கி ஒன்றின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் 14 வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் செல்போன் எண்ணைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

துணிக்கடை, மருந்துக்கடை எங்கே போனாலும் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா சார்?

தேவையில்லை. நம்பர் தந்தால்தான் பில் என்று அடம்பிடிப்பது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர் அமைப்புகளுக்குச் சொல்லிவிட்டது. 'நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க' என்றால் போதும். கல்லாவில் இருக்கும் பையனிடம் எரிந்து விழாதீர்கள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் திரை நகராத கடைகளும் உண்டு, அவன் என்ன செய்வான்?

ஊரில் ஆயிரம் முருகன் இருக்கலாம், உங்கள் எண் ஒன்றுதான். வீடு மாறினாலும் வேலை மாறினாலும் அதை நாம் மாற்றுவதில்லை. இரண்டு கடைகளின் பட்டியலை அந்த எண்ணை வைத்து ஒட்டினால், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் ஒரே வரியில் வந்து நிற்கும். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கும்போது தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு நானே நம்பர் கொடுத்தவன்தான். இரண்டு மாதம் கழித்து, 'சுகர் லெவல் எப்படி சார் இருக்கு?' என்று முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தார். எங்கிருந்து கசிந்தது என்று இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை.

மிக்சி ரிப்பேர் என்று வீட்டில் பேசினோம். மறுநாளே மிக்சி விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறதா?

வீட்டில் யாராவது மிக்சி விலையைத் தேடினார்களா என்று முதலில் விசாரியுங்கள். ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் ஒரே குடும்பம் என்று கணிப்பது விளம்பரக்காரர்களுக்குப் பெரிய வித்தை இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதாவது ஆப் மைக்கைத் திறந்தால் திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் வரும். அதுவும் போதாதென்றால் மைக் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள்.

ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதைக் காட்டினாலும் அடையாளம்தான். ஆதாரே தருவதென்றால் முதல் 8 இலக்கம் மறைத்த 'மாஸ்க்டு' ஆதாரை ஆணையத்தின் தளத்தில் இறக்கிக் கொடுங்கள். ஜெராக்ஸைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கென்னவோ அந்த முதல் அறிவுரைதான் சரியாகப் படுகிறது.

அண்ணா, தம்பி ஏதோ ஆப்பில் கடன் வாங்கியிருக்கிறான். நான் எந்த ஆப்பும் போடவில்லை. என்னை ஏன் மிரட்டுகிறார்கள்?

தம்பி 'அனுமதி' என்று அழுத்திய நொடியில் அவன் போனிலிருந்த கான்டாக்ட் பட்டியல் மொத்தமும் போய்விட்டது. அதில் நீங்கள், உங்கள் மாமியார், சிலிண்டர் போடும் அண்ணன், பிள்ளையின் டீச்சர் எல்லோரும் இருக்கிறீர்கள். உங்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் நம் போனை மட்டும் பூட்டி வைக்கிறோம். ஆனால் நம் எண்ணோ நம்மைத் தெரிந்த அத்தனை பேர் போனிலும் கிடக்கிறது, யாராவது ஒருவர் அசந்தால் போதும்.

கடன் ஆப்கள் கான்டாக்ட், கால் விவரம், போட்டோ பக்கம் போகவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே முதல், தனிநபர் கடன் ஆப்கள் கான்டாக்ட்டையும் போட்டோவையும் எடுப்பதைத் தடை செய்தது. ஆகவே கான்டாக்ட் கேட்டாலே அது முறையான ஆப் இல்லை என்று முடிவு கட்டலாம். மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். 'இவ்வளவு கட்டினால் விட்டுவிடுகிறோம்' என்பதை நம்பிப் பணம் போடாதீர்கள், மறுபடி வருவார்கள். அப்புறம், தம்பியைத் திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அவனுக்கு வந்த மிரட்டல் உங்களுக்கு வந்ததைவிட மோசமாக இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டதே?

வந்திருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-ல். வழக்கைத் தொடுத்த புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, அதன் விதிகள் வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு.

அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அது அரசு கஜானாவுக்குப் போகும், உங்களுக்கு ஒரு பைசா வராது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க 43ஏ பிரிவு இருந்தது, அதை நீக்கவும் இந்தப் புதிய சட்டமே வழிசெய்திருக்கிறது. அரசு அமைப்புகளுக்குத் தரும் விலக்குகளும் தாராளம். வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த மாதிரிதான்.

என் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருந்தால் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளைக் காட்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஒருவருக்கு 9 வரை அனுமதி. அப்பாவுக்குப் பார்த்தபோது 5 இருந்தன, அவருக்குத் தெரிந்தது 2. மீதி மூன்றையும் 'என் எண் இல்லை' என்று குறித்தேன். அதில் ஒன்றைச் சித்தப்பா மகன் வைத்திருந்தான் என்பது இணைப்பு அறுந்து, அவன் வேறு போனிலிருந்து கூப்பிட்டுக் கத்திய பிறகுதான் தெரிந்தது. குறிக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.