பதில்: சிசேரியனுக்குப் பிறகு சிட்-அப், நடுவயிறு கூம்பாக எழும்புகிறது

தோழி, சிசேரியன் ஆகி நாலு மாதம், தினமும் 50 சிட்-அப் (மல்லாந்து படுத்து உடம்பைத் தூக்கி எழுவது), இரண்டே வேளை சாப்பாடு. எடை இறங்கவில்லை, நடுவயிறு கூம்பாக எழும்புகிறது, பாலும் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சிட்-அப்பை நிறுத்துங்கள். அந்தக் கூம்பு கொழுப்பு இல்லை, வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்குங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

டாக்டர் உடற்பயிற்சிக்குச் சரி சொல்லியிருந்தால் இப்படித் தொடங்கலாம்: மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளிழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையையும் இறுக்குங்கள். அதே மூச்சோடு, படுத்தபடி இடுப்பைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குனிந்து இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் 10 தடவை, 2 சுற்று, வாரம் 3 நாள். சுலபமானால் பாரத்தைக் கூட்டுங்கள். கூம்பு எழுந்தாலோ சிறுநீர் கசிந்தாலோ தையல் வலித்தாலோ பாரம் அதிகம், உடனே குறைத்துவிடுங்கள்.

பட்டினி வேண்டவே வேண்டாம். பால் கொடுக்க தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. மூன்று வேளையும் சாப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் ஏதாவது ஒன்று இருக்கட்டும். குறைக்க வேண்டியது நெய் வழியும் லேகியத்தையும் பிஸ்கட்டையும்தான். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும்.

பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் கட்டும் பெல்ட் கொழுப்பைக் கரைக்காது. மாமியார் வற்புறுத்தினால் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், சண்டை எதற்கு. களைப்பும் ரொம்ப இருந்தால் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.