வீட்டு வரி: விலக்குக் கேட்பதா, தள்ளிப்போடுவதா?

கேள்வி: எனக்கு 67 வயது. கணவர் போன வருடம் காலமாகிவிட்டார். வீட்டுக் கடன் முழுக்க அடைந்துவிட்டது. ஆனால் வருமானம் பாதியாகிவிட்டதால் சொத்து வரி கட்ட முடியாமல் திணறுகிறேன். வயதானவர்களுக்கு விலக்கு உண்டு என்கிறார் ஒருவர். வரியைத் தள்ளிப்போடலாம் என்கிறார் இன்னொருவர். நான் எதைக் கேட்பது?

பதில்: முதலில் விலக்கைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும் வரியைக் கட்ட முடியாவிட்டால் மட்டும் தள்ளிப்போடுவதைப் பற்றி யோசியுங்கள். விலக்காகக் கிடைப்பதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. தள்ளிப்போட்ட வரியோ வீட்டின் மேல் ஏறும் கடன். அதற்கு வட்டி உண்டு.

விலக்கு என்றதும் வரியே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் வீட்டின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள். முழு விலக்கு அபூர்வம். போரில் ஊனமுற்ற ராணுவத்தினர் போன்ற சிலருக்குத்தான் பொதுவாக அது கிடைக்கும். வயது, வருமானம், உடல் ஊனம், துணையை இழந்தவர் என்று எந்தத் தகுதியில் கேட்டாலும், அது நீங்களே குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான முதல் நிபந்தனை. வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது பத்திரத்தில் இருக்கும் பெயரைப் பற்றித்தான். வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்து, இன்னும் மாற்றாமல் இருந்தால், உங்கள் மனு அங்கேயே நின்றுவிடும். அவர் ஏற்கெனவே ஏதாவது சலுகை வாங்கியிருந்தால் அது தானாக உங்களுக்கு வந்து சேரும் என்றும் இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் துணைவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்று, வாரிசு உரிமைக்கான ஆவணம், வருமானக் கணக்கு, கடைசி வரி ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.

சரி, தள்ளிப்போடுவதற்கு வருவோம். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. இருக்கும் இடங்களிலும் விதிகள் வேறுபடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதிலேயே கேட்கலாம். அமெரிக்காவின் ஓரிகனில் 62 ஆக வேண்டும். டெக்சாஸில் 65. அங்கே ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி. வரியைத் தள்ளிப்போட்டவர் இறந்தாலும், அவருடைய துணைவர் 55 வயதைத் தாண்டியவராக இருந்து அதே வீட்டில் குடியிருந்தால் சலுகை தொடரும்.

இந்தக் கடன் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஆண்டு வரி 4,000, தனிவட்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டால் அசல் 40,000. முதல் வருட வரிக்குப் பத்து ஆண்டு வட்டி, இரண்டாம் வருடத்துக்கு ஒன்பது என்று கூட்டிக்கொண்டே போனால் வட்டி மட்டும் 11,000. ஆக 51,000. கூட்டுவட்டியாக இருந்தால் இன்னும் கூடும். அதனால் எந்த வட்டி என்று மனுப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டை விற்கும்போதோ, உங்கள் காலத்துக்குப் பிறகோ இந்தத் தொகையைக் கட்ட வேண்டும். அதுவரை வீட்டின் மேல் வில்லங்கமாகப் பதிவாகி இருக்கும். பிள்ளைகள் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். பெற்றவர் போன துக்கத்தோடு இப்படியொரு பாக்கிக் கடிதமும் வந்து சேர்வது மிகவும் கொடுமை.

உங்களுக்கு வீட்டுக் கடன் இல்லாதது பெரிய அனுகூலம். கடன் இருந்தால் வங்கி சம்மதிக்காமல் போகலாம். வீட்டை வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் தலைகீழ் அடமானம் எதிலாவது இனிமேல் சேர நினைத்தால் கவனம் தேவை. அது இருக்கும் வீட்டுக்குக் கலிபோர்னியாவில் வரியைத் தள்ளிப்போட விடமாட்டார்கள்.

அப்புறம், தண்ணீர், கழிவுநீர், குப்பைக் கட்டணங்கள் வரி ரசீதோடு சேர்ந்தே வந்தாலும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவற்றைத் தள்ளிப்போட முடியாது. பழைய பாக்கியும் அங்கே சேராது. உங்கள் ஊரிலும் இதே விதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மனுப் போட்டாயிற்று என்று வரி கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை கெடு கெடுதான், தாண்டினால் அபராதம் விழும். மனுவுக்கும் கடைசித் தேதி உண்டு. அது பெரும்பாலும் வரி கட்டும் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடும். அதனால் இந்த வாரமே வரி அலுவலகத்துக்குப் போய், உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் பொருந்தும் எல்லா விலக்குகளுக்கும் படிவம் கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால், கெடு முடிவதற்குள் தவணை கேட்டு எழுத்தில் ஒரு மனுக் கொடுங்கள்.