நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து இங்கிலீஷ் மருந்தாதான் குடுக்கணுமா, வேப்பிலை பூண்டு போதாதா?

ரெண்டு மாசக் குட்டி, வயிறு மட்டும் உப்பிக்கிட்டு இருக்கு, கெமிக்கல் குடுத்தா ஈரல் கெட்டுடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க, அதனால வேப்பிலை, பூண்டு, பப்பாளி விதை குடுத்துப் பாக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஒருவேளை ஏற்கெனவே பூண்டு ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கே நிறுத்திடுங்க. மத்ததெல்லாம் அப்புறம். நாலு வருஷம் முன்னாடி இதே கேள்விய நானும் நாலு பேருகிட்ட கேட்டேன், நாலு பேரும் பூண்டுன்னுதான் சொன்னாங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எனக்கு அம்மா வீடு ஏற்காடு, நாகலூர் பக்கம். அண்ணன் காப்பியும் மிளகும் வெச்சிருக்காரு. அங்க காப்பிப் பழத்துத் தோல உரிக்கற பல்ப்பர் ஷெட்டுல பழைய சாக்கு மேல ஒரு நாட்டு நாய் மூணு குட்டி போட்டுச்சு. அதுல கன்னங்கரேல்னு இருந்த பொட்டைக் குட்டிய 40 நாள்ல நான் சேலத்துக்குத் தூக்கிட்டு வந்தேன். நாங்க கன்னங்குறிச்சில வாடகைக்கு இருக்கோம். பேரு மிளகு. வந்தப்பவே வயிறு பானை மாதிரி, விலா எலும்பு தனியா தெரியும். பால் நல்லா குடிச்சிருக்குன்னு நெனச்சேன். எங்க அத்தைதான், மாமியார், பூச்சி இருக்கும்மா பாருன்னு சொன்னாங்க. அவங்க சொன்னது சரிதான். ஆனா வைத்தியம்னு ஆரம்பிச்சப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, நானும் எல்லாத்தையும் செஞ்சேன். வேப்பங்கொழுந்த அரைச்சு சுண்டைக்கா சைஸ்ல உருட்டி, வெல்லம் தடவி. பப்பாளி விதைய காய வெச்சு பொடி பண்ணி தயிர்ல. தினமும் ரெண்டு பல்லு பூண்டு தட்டி சோத்துல. 12 நாள்.

நாலாவது நாள் காலைல பாத்தா வாசல்ல அதோட மலத்துல வேகவெச்ச சேமியா மாதிரி வெள்ளையா நாலு புழு சுருண்டு கெடக்குது, ஒண்ணு இன்னும் நெளியுது. எனக்கு அவ்ளோ சந்தோஷம். போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டேன், மருந்துக் கடைக்கே போகாம சரி பண்ணிட்டோம்னு. இதத்தான் உங்களுக்கு முக்கியமா சொல்லணும்னு வந்தேன். புழு வெளிய வந்துட்டா மருந்து வேலை செஞ்சிருச்சுன்னு அர்த்தம் கெடையாது. வயிறு நெறைய உருளைப்புழு இருக்குற குட்டி ஒண்ணுமே குடுக்காட்டியும் நாலஞ்சு கழிக்கும், சிலது வாந்தியிலயே எடுக்கும். நான் பாத்தது அது. உள்ள இருந்தது வேற.

அடுத்த வாரம் மிளகு வெளையாடறத நிறுத்திடுச்சு. மலம் தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி துரு வாடை. சூடு புடிச்சிருக்கும்னு மோர் ஊத்தினேன். 12வது நாள் எழுந்து நிக்கவே முடியல. அப்பதான் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பெரிய வயசு டாக்டர்கிட்ட ஆட்டோவுல கொண்டு போனேன். அவரு ஸ்டெத்த எடுக்கறதுக்கு முன்னாடியே கட்டைவிரலால மேல் உதட்ட தூக்கி ஈற காட்டினாரு. "ஏம்மா, இது என்ன கலரு?" வெள்ளை. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வெள்ளை. ஒரு அழுத்து அழுத்தி எடுத்தாரு, நல்லா இருக்குற நாய்க்கு உடனே திரும்ப செவப்பு ஏறும், இதுக்கு ஏறறதுக்கு ரத்தமே இல்ல.

கொஞ்சூண்டு மலத்த உப்புத்தண்ணில கலக்கி, மேல மெதக்கறத கண்ணாடில எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சு என்னையும் பாக்க சொன்னாரு. மெல்லிசா ஓடு, நீளவாட்டு முட்டை, உள்ள திராட்சைக்கொத்து மாதிரி நாலஞ்சு உருண்டை. ஒண்ணு ரெண்டு இல்ல, கண்ணு போற எடமெல்லாம். கொக்கிப்புழு. அது ஒரு சென்டிமீட்டர், ஒண்ணரை சென்டிமீட்டர்தான் இருக்குமாம், குடல் செவுத்துல பல்லால கவ்விக்கிட்டு ரத்தம் உறிஞ்சும், அதனால சேமியா மாதிரி வெளிய வந்து விழாது. கறுப்பு மலம் செரிச்ச ரத்தம். குட்டிக்கு அது தாய்ப்பால் வழியாவே வந்துடுது, ஈர மண்ணுல இருந்து தோல் வழியாவும் ஏறும். காப்பித் தோட்டத்து நெழலு, ஐப்பசி மழை, ஈரச் சாக்கு, அதுக்கு வேற என்ன வேணும்.

"என்ன குடுத்த?"ன்னு கேட்டாரு. எல்லாம் சொன்னேன். பூண்டுன்னதும் எத்தன நாள்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. வெங்காயம், பூண்டு ரெண்டுமே நாயோட சிவப்பணுவ ஒடைக்கும், நம்ம உடம்பு தாங்கறத அதோட உடம்பு தாங்காது. ஒரு பக்கம் புழு ரத்தத்த குடிக்குது, இன்னொரு பக்கம் நான் என் கையால தட்டிப்போட்டு மிச்சத்த ஒடைச்சிட்டு இருந்திருக்கேன். இத எழுதறப்பவும் எனக்கு வயித்த பெசையுது.

எடை போட்டாரு, 1 கிலோ 900 கிராம். அந்த எடைக்கு கணக்கு பண்ணி சிரிஞ்சில எடுத்து திரவ மருந்து வாயில விட்டாரு, இரும்புச்சத்து சொட்டு எழுதினாரு, நான் தெனமும் கொஞ்சம் ஆட்டு ஈரல் வேகவெச்சு மசிச்சு குடுத்தேன். 15 நாள் கழிச்சு மறுபடி ஒரு டோஸ். ஏன்னா உடம்புச் சதைல தூங்கிட்டு இருக்குற லார்வாவ மருந்து தொடாது, அது குடலுக்கு வந்து சேந்ததும் மறுபடி அடிக்கணும். மிளகு பொழச்சிருச்சு. அண்ணன் வீட்ல நின்ன ரெண்டுல ஒண்ணு, நான் போன் பண்ணி சொல்றதுக்கு முந்தின நாளே போயிருந்துச்சு. மீதி இருந்த குட்டிக்கும் தாய்க்கும் அண்ணன் மறுநாளே மருந்து குடுத்தாரு.

இப்ப சில பேரு வருவீங்க, மருந்து கம்பெனிக்கு ஆள் புடிக்கறாங்க, நாட்டு வைத்தியத்த கேவலப்படுத்தறாங்கன்னு. எங்க அண்ணன் மிளகுக் கொடிக்கு இன்னிக்கும் வேப்பம்புண்ணாக்குதான் போடறாரு, எனக்கு சளி புடிச்சா நான் தூதுவளைதான். அதெல்லாம் வேற விஷயம். இயற்கைன்னா, வெத்தலையோட போடற கொட்டைப்பாக்கையே எடுத்துக்கோங்க. அதுல இருக்குற அரிக்கோலின்ங்கற பொருள்தான் ஒரு காலத்துல நாய்க்கு நாடாப்புழு மருந்து, நியூசிலாந்துல அத வெச்சுத்தான் ஊர் ஊரா நாய்களுக்கு பேதி குடுத்தாங்க. வாந்தியும் பேதியும் நாய போட்டு உருட்டி எடுக்கும். அந்த வாதை இல்லாமயே புழுவ கொல்ற பிராசிகுவான்டல் மாதிரி மருந்துங்க 1970கள்ல வந்ததும் அத விட்டாங்க. ஐவர்மெக்டின்னு இன்னொரு புழு மருந்து, அது ஜப்பான் மண்ணுல இருந்த பாக்டீரியாவுல இருந்து வந்தது, அதுக்கு 2015ல நோபல் குடுத்தாங்க. மண்ணுல இருந்து வந்ததுதானேன்னு மாட்டுக்கு போடற ஊசிய நாய்க்கு குத்திடாதீங்க, கோலி (collie) மாதிரி சில நாய் ஜாதிக்கு அது மூளைல ஏறி உசுரே போயிடும். இயற்கையா கெமிக்கலாங்கறது இல்ல விஷயம், எந்த புழுவுக்கு எவ்ளோ அளவுன்னு யாராவது அளந்து பாத்திருக்காங்களாங்கறதுதான். நான் உருட்டின உருண்டைல என்ன அளவு இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது.

பப்பாளி விதைக்கு ஆதாரம் இருக்குன்னு ஒருத்தர் என்கிட்ட சண்டைக்கே வந்தாரு. இருக்கு, 2007ல நைஜீரியாவுல 60 குழந்தைங்கள வெச்சு செஞ்சது, தேன்ல கலந்து குடுத்து நல்ல பலன் கெடச்சிருக்கு, நான் இல்லங்கல. ஆனா அது மனுஷக் குழந்தைங்க, அதுலயும் எல்லாருக்கும் புழு போகல. ரத்தம் வத்திட்டு இருக்குற ரெண்டு மாச நாய்க்குட்டிக்கு நான் அத நம்பி ஒரு நாள் கூட தள்ள மாட்டேன்.

ஈரல் கெட்டுடும்னு பயப்படறீங்க இல்ல, அதுக்கும் சொல்லிடறேன். குட்டிங்களுக்குத் தர்ற பைரன்டெல்ங்கற பூச்சி மருந்து குடல்ல இருந்து ரத்தத்துல கலக்கறதே ரொம்ப கம்மி, புழுவ மரத்துப்போக வெச்சு பிடிய விட வைக்கும், அவ்ளோதான் அதோட வேலை. அதனாலதான் ரெண்டு வாரக் குட்டிக்கே தர்றாங்க. 2, 4, 6, 8 வாரத்துல, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒண்ணு, பெறகு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி. பெரிய நாய்க்கு வர்ற கூட்டு மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒண்ணுன்னு இருக்கும், அத ஒடச்சு கண்ணளவுல குட்டிக்கு குடுக்காதீங்க, எடை போட்டு டாக்டர் சொல்ற அளவு. வாலுக்கடியில அரிசி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சிய முழுங்கித்தான் வருது, தெள்ள ஒழிக்காம மாத்திரை மட்டும் குடுத்தா திரும்ப வரும்.

வீட்ல சின்னக் குழந்தை இருக்கான்னு நீங்க எழுதல. இருந்தா மலத்த அன்னன்னிக்கே அள்ளிடுங்க. உருளைப்புழு முட்டை மண்ணுல ஒண்ணுல இருந்து நாலு வாரம் கெடந்தாதான் தொத்தும், அதுக்குள்ள எடுத்துட்டா தப்பிச்சோம், விட்டா வருஷக்கணக்குல அந்த மண்ணுலயே இருக்கும், குழந்தைக்கு கண்ணு வரைக்கும் போகும். என் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு, அதே வாசல்ல உக்காந்துதான் மண்ணுல சோறாக்கி வெளையாடுவா. டாக்டர் இத சொன்ன அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

அந்த வாசல் பத்தி வந்ததால இதையும் சொல்லிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். மிளகு தேறி வந்த மாசமே வீட்டுக்காரரு நாய் இருந்தா காலி பண்ணுங்கன்னுட்டாரு. மூணு மாசம் வீடு தேடினேன். சைவமா அசைவமான்னு கேப்பாங்க, அத தாண்டினா நாய் இருக்கான்னு கேப்பாங்க, இருக்குன்னு சொன்ன ஒடனே அட்வான்ஸ் வாங்கின பெறகும் திருப்பிக் குடுத்தவங்க உண்டு. வாடகை ஒருநாள் தள்ளி குடுத்ததில்ல, மலத்த ஒருநாள் வாசல்ல விட்டதில்ல, பூச்சி மருந்து குடுத்த தேதி எழுதின சீட்ட கூட எடுத்துக் காட்டினேன். அதெல்லாம் யாரு பாக்கறா. கடைசில அதே கன்னங்குறிச்சில மூக்கனேரி பக்கம் ஒரு பாட்டி எடம் குடுத்தாங்க, இப்ப மிளகு பாதி நேரம் அவங்க கால்மாட்டுலதான் கெடக்குது.

நீங்க நாளைக்கு காலைல ஈரம் காயாத மலம் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவுல எடுத்துக்கிட்டு குட்டியோட போங்க, மாட்டாஸ்பத்திரியா இருந்தாலும் சரி. இன்னிக்கு ராத்திரி அத மடியில போட்டு உதட்ட தூக்கி ஈறு என்ன கலர்ல இருக்குன்னு மட்டும் பாருங்க. வெளுத்திருந்தா காலைக்கு காத்திருக்க வேணாம், இப்பவே கெளம்புங்க. ரோஸா இருந்துச்சுன்னா ஒரு வரி கீழ எழுதுங்க, எனக்கு அதுவரைக்கும் மனசு ஆறாது.