சினைப் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வரவில்லை என்றால்

நீங்கள் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) சினையாக இருக்கிறது, இரை எடுக்கவில்லை, தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரை எடுக்காததற்குப் பயப்பட வேண்டாம். சினையான கார்ன் ஸ்நேக் முட்டையிடும் வரை பட்டினி கிடப்பது சகஜம். ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது என்கிறீர்களே, அதைத்தான் பார்க்க வேண்டும்.

அறையே 33 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் கூண்டைச் சூடாக்கும் ஹீட் மேட் எதற்கு? முதலில் அதை அணைத்துவிடுங்கள். சூடு தாங்காமல்தான் அது தண்ணீரில் இறங்கியிருக்கும். குளிர்ந்த மூலையில், தரையோடு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 28ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வையுங்கள். உள்ளே ஐஸ் போடாதீர்கள்.

வெள்ளை டிஷ்யூவால் உடம்பை மெதுவாகத் துடைத்தும் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கருப்புப் புள்ளிகள் ஒட்டினால் அது உண்ணி. அதற்கும் பாம்பு தண்ணீரில்தான் போய்க் கிடக்கும். சினையாக இருக்கும்போது நீங்களாக மருந்தடிக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

சட்டை உரித்துவிட்டதா? உரித்தால் அநேகமாக இரண்டு வாரத்துக்குள் முட்டை வரும். மூடியில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட டப்பாவில் ஈரப் பாசியை, பிழிந்தால் சொட்டாத பதத்தில் நிரப்பி இப்போதே வையுங்கள். இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே முட்டையிட்டுவிடும். தண்ணீரில் மூழ்கிய முட்டை தேறுவது கஷ்டம்.

ஒன்றிரண்டு முட்டையோடு நின்று, வயிற்றில் மேடு தெரிய ஒரு நாளுக்கு மேல் முக்கிக்கொண்டிருந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வயிற்றை அமுக்கி எடுக்க மட்டும் முயலாதீர்கள்.