பாஸ்வேர்டு இருக்கிறது, கட்டுரைதான் கிடைக்கவில்லை

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் என் மேஜை முன்னால் வரிசை நிற்கும். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: கூகுளிலேயே கட்டுரை வருகிறதே சார், எதற்கு டேட்டாபேஸ்?

தலைப்பு வரும். உள்ளே போனால் முப்பது டாலர், நாற்பது டாலர் கேட்கும். அவசரப்பட்டுக் கார்டை எடுத்துவிடாதீர்கள். அதே தலைப்பை என்-லிஸ்டில் (கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்னூல் சேவை) போட்டுப் பாருங்கள், கல்லூரி அதற்குத்தான் சந்தா கட்டுகிறது. உங்கள் பெயருக்குத் தனி லாகின் உண்டு, வீட்டிலிருந்தும் திறக்கும். அங்கே இல்லையென்றால் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள். முப்பது நாளுக்கு நூறு கட்டுரை வரை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் பல இதழ்களின் கடைசி மூன்று, நான்கு வருடம் ஜேஸ்டோரில் இருக்காது. போன மாத இதழை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: அரசுக் கல்லூரியில் படிக்கும் என் தோழிக்கு நிறைய இதழ்கள் திறக்கின்றன. எனக்குத் திறப்பதில்லையே, ஏன் சார்?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம்தான் காரணம். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது. 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். இப்போதைக்கு மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும். நம்முடையது உதவி பெறும் கல்லூரிதானே. தோழியோடு சண்டை போடாமல் இருந்தால் நல்லது, உதவி கேட்க வேண்டிவரும்.

கேள்வி: 1964 தனுஷ்கோடிப் புயல் பற்றி அன்றைய ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி வேண்டும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ப்ரோக்வெஸ்ட் டேட்டாபேஸின் பழைய டைம்ஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் தேடினேன், ஒன்றுமே வரவில்லை.

என்ன தேடினீர்கள் என்று கேட்டேன். 'தமிழ்நாடு, ஸ்ரீலங்கா, தனுஷ்கோடி' என்று மூன்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். 1964-இல் தமிழ்நாடு ஏது தம்பி? 1969 வரை மெட்ராஸ் ஸ்டேட். 1972 வரை இலங்கைக்கு ஆங்கிலத்தில் சிலோன். அன்றைய நிருபர் எழுதாத சொல்லைக் கொடுத்தால் டேட்டாபேஸ் எங்கிருந்து கொண்டுவரும்?

தனுஷ்கோடியிலும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் 'எஸ்'ஸுக்குப் பின்னால் 'எச்' போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். 'எஸ்' வரை மட்டும் அடித்து ஒரு நட்சத்திரக் குறி வையுங்கள், இரண்டும் சிக்கும். கூடவே பாம்பன், ராமேஸ்வரம், தலைமன்னார் ஆகியவற்றையும் இடையில் 'ஆர்' (OR) போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒன்று இருந்தாலே செய்தி வரும். 'ஆண்ட்' (AND) போட்டால் எல்லாச் சொல்லும் ஒரே செய்தியில் இருந்தாக வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள்.

தேதியும் முக்கியம். புயல் அடித்தது டிசம்பர் 22 இரவு. பாம்பன் பாலமே சிதைந்து, தீவுக்குத் தொடர்பு அறுந்துபோனது. 23-ஆம் தேதி இதழில் இல்லையே என்று விட்டுவிடாமல் ஜனவரி முதல் வாரம் வரை பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் சொல்லே வேண்டாம், தேதியை மட்டும் கொடுத்து முதல் பக்கத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்து வைத்திருக்கும். இதே முறையைச் சொல்லித்தான் அனுப்பினேன். மறுநாள் பென்டிரைவில் ஏழு பிடிஎஃப்களோடு வந்து நின்றார்.

கேள்வி: தமிழ்ப் பத்திரிகைகளை இப்படித் தேட முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பழைய இதழ்களில் பெரும்பாலானவை வெறும் படம், உள்ளே சொல் தேட முடியாது. கணினியைப் படிக்கவைத்தாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணை', 'லை' வடிவங்களில் தடுமாறும். ஆண்டும் மாதமும் தெரிந்துகொண்டு, புரட்டித்தான் ஆக வேண்டும். இணையத்தில் புரட்ட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்துப் பத்திரிகை என்றால் 'நூலகம்' என்ற இணையதளம். நேரில் போகலாம் என்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர் கன்னிமாரா.

கேள்வி: 'பெண் கல்வி' என்று ஆங்கிலத்தில் போட்டால் லட்சக்கணக்கில் வருகிறதே?

இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், தலைப்பில் மட்டும் தேடச் சொல்லுங்கள், ஊரோ ஆண்டோ சேருங்கள். அப்படியும் குறையாவிட்டால் உங்கள் ப்ராஜெக்ட் தலைப்பே அகலம். கைடிடம் பேசிவிட்டு வாருங்கள், நான் ஐந்து மணி வரை இருப்பேன்.