ரத்தம் ஏற்றும் பிள்ளைக்கு எலும்பு ஏன் மெலிகிறது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. தலசீமியா மேஜர் (உடம்பில் போதிய ரத்தம் ஊறாத பரம்பரை நோய்), மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். சில மாதமாக முதுகு வலிக்கிறது என்கிறான். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு இசட் ஸ்கோர் (அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் கணக்கு) மைனஸ் 2.8, அதாவது குறைவு. கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா? வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே? – ஒரு தாய், தருமபுரி

பதில்: போதாது அம்மா. முதலில் முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், எந்த முள்ளெலும்பாவது சத்தமில்லாமல் நசுங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். பிள்ளை உயரம் குறைவாக இருந்தால் ஸ்கோர் உள்ளதைவிட மோசமாகக் காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் பற்றாதபோது, எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜை பெருத்து எலும்பை உள்ளிருந்தே மெலிய வைக்கிறது. அதனால்தான் ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5க்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறோம். இன்னொரு பக்கம், ஏற்றிய ரத்தத்தின் இரும்பு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் படிந்து பருவ ஹார்மோனைத் தடுத்துவிடும். மீசை அரும்பியதா, குரல் மாறியதா? இல்லையென்றால் ஹார்மோன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் டெஸ்டோஸ்டிரான் குறைவாக இருக்கும்வரை எலும்புக்கு என்ன கொடுத்தாலும் பாதிதான் பலன். இதைத்தான் நம்மிடத்தில் அதிகம் தவறவிடுகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். கூடவே தைராய்டு, பாராதைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் சோதனை) எல்லாம் பார்க்க வேண்டும்.

கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்தப் பிள்ளைகள் சிலருக்குச் சிறுநீரில் கால்சியம் அதிகமாக வெளியேறும், சிறுநீரகக் கல் வரலாம். பால், கேழ்வரகு, கொஞ்சம் வெயில், தினமும் நடை, இவற்றில் பயமில்லை.

அப்புறம் அந்த ஊசி. எலும்பு கரைவதைத் தடுக்கும் சொலெட்ரானிக் ஆசிட்டைத்தான் சொல்கிறீர்கள் என நினைக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை என்பது வயதானவர்களுக்கான கணக்கு. தலசீமியாவில் 4 மில்லிகிராம் வீதம் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த ஆய்வுகளில் எலும்பு அடர்த்தி ஏறியது, வலியும் குறைந்தது. எலும்பு முறிவு குறைகிறது என்பதற்குச் சான்று இன்னும் அவ்வளவு வலுவாக இல்லை. எலும்பு நசுங்கியிருந்தாலோ, மற்றதையெல்லாம் சரிசெய்தும் அடர்த்தி இறங்கிக்கொண்டே போனாலோ போடலாம் என்பேன். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது மட்டும் போட விடாதீர்கள், கால்சியம் சட்டென்று இறங்கிக் கைகால் இழுத்துக்கொள்ளலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும், இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவன் என்றால் கட்டாயம். பல் பிடுங்குகிற வேலை இருந்தால் முதலில் அதை முடித்து, புண் ஆறட்டும். முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு: இந்த மருந்து எலும்பில் பல வருஷம் தங்கும், பிற்காலக் கர்ப்பத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமல் தவித்தாலோ அடுத்த ரத்தம் ஏற்றும் நாள்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.