‘என்னைப் பற்றி’ ஒரு பக்கம் எழுத முடியவில்லை

மேடம் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் எனக்குச் சொந்த ஊர். வயது 36. வெப் டெவலப்பர். திருமணம் ஆகவில்லை. அப்பா கைலி நெய்தவர், இப்போது இல்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அக்கா குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறார்.

என்னோடு பெங்களூரில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், தான் இப்போது இருக்கும் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போன் செய்தார். “உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது. செய்த ப்ராஜெக்ட், இப்போது என்ன செய்கிறாய், அவ்வளவுதான். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், வேலை உனக்குத்தான்” என்றார். அம்மா தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறக்கிறேன். பெயர், ஊர், படிப்பு. அதற்கு மேல் ஒரு வரிகூட ஓடவில்லை. நெஞ்சு படபடக்கிறது, மூடி வைத்துவிடுகிறேன். வேறு சில இடங்களுக்கும் சும்மா அனுப்பிப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படி ஆனதில்லை.

வேலை தெரியாதவன் இல்லை மேடம். கல்லூரி முடித்ததும் வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். அங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் மேற்கு வங்காளம், அசாம், பங்களாதேஷ்காரர்கள். ரிசப்ஷனில் உட்கார்ந்து அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தேன். ரூமில் சமைக்க அடுப்பு உண்டா, லிஃப்ட் உண்டா, ஆஸ்பத்திரிக்கு நடந்து போக முடியுமா. படங்களைக் கீழே தள்ளிவிட்டு இந்த மூன்றையும் வங்காளியில் முதலில் போட்டேன்.

அடுத்து ஒரு சிறுபத்திரிகையின் பழைய இதழ்களை, இன்று எல்லாக் கணினியிலும் போனிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறைக்கு மாற்றினேன். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். அப்படியே எடுத்துப் போட்டால் கொம்பு முந்தின எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ‘கௌரவம்’ என்பதில் வரும் ஔகாரக் குறியும் ‘வெள்ளம்’ என்பதில் வரும் ளகரமும் அதில் ஒரே குறிதான், அதையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். இதற்கென்று ஒரு ப்ரோக்ராம் எழுதி, விட்டுப்போனதைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். அந்த லாட்ஜ் கைமாறிவிட்டது, பத்திரிகையும் நின்றுவிட்டது. இரண்டு தளமும் இன்று இல்லை. பெங்களூரில் செய்ததெல்லாம் கம்பெனிக்குள் இருப்பது, வெளியே காட்ட முடியாது.

2022-ல் அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. வேலையை விட்டு வந்துவிட்டேன். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வேலூருக்குக் கூட்டிப்போக வேண்டும், ஒரு தடவைக்கு 4 மணி நேரம். இளநீர் கூடாது. உருளையோ கீரையோ எதுவானாலும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத்தான் சமைக்கிறேன். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, அதைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. படுக்கும் முன் அதன் மேல் விரல் வைத்துப் பார்ப்பேன். ரத்தம் ஓடும் அதிர்வு விரலில் தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அக்கா வீட்டு மாமா, “பேசாம ஃப்ரீலான்ஸ்னு போட்டு அந்த வருஷங்களை நிரப்பிடு” என்கிறார். அம்மாவோ, “என்னாலதானே உனக்கு இப்படி” என்று அழுகிறார். இந்த வேலை வந்தது அவருக்கு இன்னும் தெரியாது. ஒரு பக்கம் எழுத ஏன் என்னால் முடியவில்லை? நான் இனி எதற்கும் லாயக்கில்லையா?

— குடியாத்தம் வாசகர்

*

அன்புள்ள தம்பி,

மற்ற இடங்களுக்கு அனுப்பியபோது வராத படபடப்பு இதற்கு மட்டும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். அவையெல்லாம் சும்மா அனுப்பியவை. இது அப்படியில்லை, வேலை உனக்குத்தான் என்று நண்பர் சொல்லிவிட்டார். கிடைத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை அம்மாவை யார் வேலூருக்குக் கூட்டிப்போவது? கீரையை யார் வடிப்பது? இந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடமே கேட்டுக்கொண்டதாகவும் கடிதத்தில் தெரியவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. எழுதி அனுப்பினால் வேலை கிடைத்துவிடுமே என்ற பயத்தில்தான் கை நிற்கிறது என்று நினைக்கிறேன். லாயக்கு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

அதனால் அந்தப் பக்கத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் வருத்தப்படுவார் என்று மறைக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் ‘என்னால்தான்’ என்று அழுகிறவருக்கு மகனுக்கு ஒரு வேலை வருகிறது என்பதைவிடப் பெரிய ஆறுதல் இருக்காது. தன் சிகிச்சையைப் பற்றிய ஏற்பாட்டில் அவருக்கும் ஒரு சொல் இருக்கட்டும்.

அப்புறம் அக்கா. கடிதம் முழுக்கப் படித்தேன், நீங்கள் இல்லாத ஒரு வேளை அம்மாவோடு வேறு யாராவது இருந்ததாக ஒரு இடத்திலும் வரவில்லை. அக்கா வரமாட்டார் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களோ? “கொஞ்சம் உதவி பண்ணு” என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. “மாசத்துல ரெண்டு சனிக்கிழமை நீ வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போக முடியுமாக்கா?” என்று கேளுங்கள். சென்னையிலிருந்து காட்பாடிக்குக் காலை ரயிலில் வந்துவிடலாம். அவர் வரும்போது வடிக்கும் முறை, தண்ணீர் அளவு, ஃபிஸ்டுலாவில் விரல் வைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள். அந்த அதிர்வு இன்னொருவர் விரலுக்கும் பழக வேண்டும். உங்களுக்கு அது சுலபமாக இருக்காது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

மருத்துவரிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள். வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் முறை ஒன்று இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது, உங்கள் அம்மாவுக்குச் சரிவருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நண்பருக்குப் போன் செய்து வெளிப்படையாகக் கேளுங்கள்: வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடியுமா, செவ்வாயும் வியாழனும் டயாலிசிஸ் நேரத்தை விட்டுவிட்டு மாலையில் ஈடுகட்டலாமா? முடியாது என்றால் இது உங்களுக்கான வேலை இல்லை. அது இப்போதே தெரிந்துவிடுவது நல்லது.

இனி அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். மாமா நல்லது நினைத்துத்தான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம். ஃப்ரீலான்ஸ் என்று போட்டால் யாருக்கு, என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். வெற்றுப் பக்கத்துக்கே படபடக்கிறவர் நேர்முகத்தில் பொய்யையும் சுமக்க வேண்டாம். அதற்காக முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. “2022 முதல் அம்மாவின் டயாலிசிஸ் சிகிச்சைக்காக வீட்டில் இருக்கிறேன், இப்போது அதற்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டதால் வேலைக்குத் திரும்புகிறேன்.” இவ்வளவு போதும். மாற்று ஏற்பாடு என்பது உண்மையான பிறகு எழுதினால் இந்த வரியில் கை நடுங்காது.

உங்கள் துறை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த லாட்ஜ் விஷயத்தைப் படித்தபோது ஒரு நோயாளியின் மனைவி ஊரிலிருந்து கிளம்பும் முன் போனில் அடுப்பு உண்டா என்று தேடுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. ‘கொ’வுக்குக் கொம்பை இடம் மாற்றியதையும் என் போன்றவளுக்கே புரியும்படி எழுதிவிட்டீர்கள். அந்த இரண்டு பத்தியையும் அப்படியே வெட்டி எடுத்து அங்கே ஒட்டுங்கள். யாருக்கு என்ன தேவைப்பட்டது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற இரண்டும் அதில் வந்துவிட்டன. தளம் இன்று இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். 1996-லிருந்து பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ‘வேபேக் மெஷின்’ என்ற பகுதி உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பழைய முகவரிகளை அதில் போட்டுப் பாருங்கள், ஏதாவது பக்கம் தங்கியிருக்கலாம். கம்பெனி வேலைக்கு ப்ரோக்ராமைக் காட்ட வேண்டாம், உங்கள் பங்கு என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் உடம்பு, மனசு. தூக்கம், பசி, முன்பு பிடித்த விஷயங்களில் நாட்டம் இவையெல்லாம் குறைந்து, மனச்சோர்வு நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்குவது அங்கே பழைய வழக்கம், ஆகவே பார்த்துக்கொள்கிறவரின் களைப்பு அவர்களுக்குப் புதிதல்ல. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். இரவில் மனசு தாங்காமல் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இந்தச் சனிக்கிழமைக்குள் அக்காவிடம் பேசிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள், அடுத்து யாரைக் கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.